மே மாத ஆய்வுக்கு அக்டோபரிலேயே கிளம்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறையில் ஆய்வு நிறுவனங்களில் போய் வேலை செய்வது பற்றிக் கணினி அறிவியல் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் போட்டிருக்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். சிலர் தங்கள் எச்ஓடியைப் பற்றி எழுதியிருப்பது அவர் கண்ணில் படக் கூடாத ரகம்.

விருதுநகர்: நான் சுயநிதிக் கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். கோடையில் ஐஐடியில் ஆய்வு செய்யலாம் என்று இந்த மார்ச்சில்தான் கேள்விப்பட்டேன். ‘அதெல்லாம் ஐஐடி பசங்களுக்கு’ என்கிறார் சீனியர். உண்மையா?

சீனியர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் கோடைக்கால ஃபெல்லோஷிப்பில் ஐஐடி மாணவர்கள்தான் விண்ணப்பிக்க முடியாது. வெளிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்காகவே வைத்திருப்பது அது. பி.இ. மூன்றாமாண்டு, எம்.இ. முதலாமாண்டு படிப்பவர்கள் போடலாம், மே முதல் ஜூலைக்குள் இரண்டு மாதம், ஸ்டைபெண்டும் உண்டு. மதிப்பெண், வகுப்பில் உங்கள் இடம், செய்த புராஜெக்ட் இதையெல்லாம் பார்ப்பார்கள். இதற்கான அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் என்பதால் இந்த வரியைப் படித்தவுடன் போய் அவர்கள் தளத்தைப் பாருங்கள், இன்னும் திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பெரிய சிக்கல் வேறு. இந்த வேலைக்கு மார்ச் மாதம் ரொம்பத் தாமதம். நாட்டிலேயே எல்லாக் கல்லூரிக்காரர்களுக்கும் திறந்திருக்கும் பெரிய கதவு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப். பெங்களூரில் ஒன்று, புதுதில்லியில் ஒன்று, பிரயாக்ராஜில் ஒன்று என்று மூன்று அகாடமிகள். கணினி அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாம் அதில் அடக்கம். தேர்வானால் ஐஐஎஸ்சி, ஐஐடி மாதிரி இடங்களில் இருக்கும் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை. இதற்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்து மூடிவிடுகிறது. அதாவது தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் நீங்கள் முடித்திருக்க வேண்டிய வேலை. உங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் ரெக்கமண்டேஷனும், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பும் கேட்பார்கள். பலர் தோற்பது அந்தக் குறிப்பில்தான், ‘எனக்கு ஏஐ மீது தீராத ஆர்வம்’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

கணிதப் பக்கம் சாய்ந்தவர் என்றால் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், அதாவது மேட்சயின்ஸ், சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகமான சிஎம்ஐ இரண்டையும் விடாதீர்கள். அல்காரிதம், கிராஃப் தியரி, லாஜிக், கம்ப்ளெக்ஸிட்டி இவற்றில் இரண்டும் உலகத் தரம், ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரியாது. ஓஎம்ஆரில் ஐடி கம்பெனி பஸ்ஸில் தினமும் சிஎம்ஐ பக்கமாகப் போய் வருபவர்களில் எத்தனை பேர் அந்த வாசலைக் கவனித்திருப்பார்கள்? மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் கோடைத் திட்டத்திலும் கணினி அறிவியல் உண்டு. கான்பூர், காந்திநகர், ஹைதராபாத் ஐஐடிகளும் தனித்தனியாக நடத்துகின்றன.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வு சில வருடம் மே நடுவரை இழுக்கும், திட்டமோ மே முதல் வாரமே தொடங்கும். தேர்வானதும் மெயில் போட்டுத் தேதியைத் தள்ளிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் பத்து நாள் தாமதமாகப் போய் நின்றால் அசடு வழிய வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர்: நான் பி.எஸ்சி. கணினி அறிவியல். எல்லாவற்றிலும் பி.இ., பி.டெக். என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கு வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் தேட வேண்டும். அகாடமிகளின் திட்டத்தில் பி.எஸ்சி. மாணவர்களுக்கும் இடமுண்டு, மேட்சயின்ஸ், சிஎம்ஐ மாதிரி இடங்களில் பட்டத்தின் பெயரைவிட உங்களுக்கு நிரூபணம் எழுத வருமா என்பதுதான் கேள்வி. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை எடுங்கள். வீடியோ பார்ப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதில் முன்னணியில் வருபவர்களை அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியரே இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுவதுண்டு. பி.எஸ்சி. மாணவருக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஈரோடு: நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒரே ஒரு பதில், அதுவும் ‘இப்போது இடமில்லை’ என்று. என் மெயிலை இணைத்திருக்கிறேன், என்ன தப்பு என்று சொல்லுங்கள்.

சொல்கிறேன், கோபப்படக் கூடாது. ஆங்கிலத்தில் நீங்கள் எழுதியதன் சாரம் இது: ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்ன கல்லூரியில் படிக்கிறேன், மெஷின் லேர்னிங், பிளாக்செயின், சைபர் செக்யூரிட்டி, ஐஓடி ஆகியவற்றில் மிகுந்த ஆர்வம் கொண்டவன், தங்களின் மகத்தான ஆய்வுகளைப் படித்து வியந்தேன், தங்கள் வழிகாட்டலில் பணியாற்ற ஒரு வாய்ப்பு அளிக்கவும்.’

முதலில், இது போன பேராசிரியர்களில் நிறையப் பெண்கள் இருந்திருப்பார்கள். ‘ஐயா’ என்று பார்த்த உடனே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இரண்டாவது, பேராசிரியரின் பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுத்தின் அளவு மாறியிருக்கிறது, காப்பி பேஸ்ட் செய்த தடம் அப்படியே தெரிகிறது. மூன்றாவது, நான்கு துறைகளில் ஆர்வம் என்றால் ஒன்றிலும் கை வைக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘மகத்தான ஆய்வுகள்’ என்றீர்களே, எது? ஒன்றின் தலைப்பையாவது போட்டிருக்கலாம்.

அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் இந்த மாதிரி மெயில் தினமும் குவிகிறது. மாணவர் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு வேலை சொல்லித்தர ஒரு பிஎச்டி மாணவரின் நேரம் போகும், இரண்டு மாதத்தில் பாதி அதிலேயே கழியும். அந்த நேரம் வீணாகாது என்று நம்ப ஏதாவது ஒரு காரணம் உங்கள் மெயிலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து பேரை எடுங்கள், நூறு வேண்டாம். ஒவ்வொருவரின் குழுவும் சமீபத்தில் வெளியிட்ட ஒரு பேப்பரை, அதாவது ஆய்வுக் கட்டுரையை எடுத்து, புரியாத இடத்தில் அடிக்கோடு போட்டு, இரண்டு மூன்று தடவை படியுங்கள். கோடை வெளியிட்டிருந்தால் — நிரலைச் சொல்கிறேன், வெயிலை அல்ல — இறக்கி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் இப்படி எழுதுங்கள்: ‘ஊர்ப்பெயர்களைக் கண்டறிவது பற்றி உங்கள் குழு எழுதிய இந்தப் பேப்பரில் வரும் பரிசோதனையைச் சின்ன அளவில் ஓட்டிப் பார்த்தேன். வேற்றுமை உருபு ஒட்டிய தமிழ்ப் பெயர்ச்சொற்களில் பிழை கூடுகிறது, ‘மதுரையிலிருந்து’ என்பதில் ஊர்ப்பெயர் எங்கே முடிகிறது என்று மாடலுக்குத் தெரியவில்லை. இது உருபைப் பிரிக்காததால் வருவதா? என் நிரல் இருக்கும் ரிப்போவின் இணைப்பு கீழே. மே 20 முதல் ஜூலை 15 வரை நேரில் வர முடியும்.’ ஏழெட்டு வரி போதும், ரெஸ்யூமே ஒரு பக்கம். இந்த மெயிலுக்கும் பதில் வராமல் போகலாம். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விடுங்கள். பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் நீங்கள் எழுதலாம், அவர்கள்தான் உண்மையில் உங்களோடு உட்காரப் போகிறவர்கள்.

திருப்பூர்: ஒரு நிறுவனம் 25,000 ரூபாய் கட்டினால் ‘ரிசர்ச் இன்டர்ன்ஷிப்’, ஸ்கோபஸ் ஜர்னலில் பேப்பர், பிரபல கல்லூரி ஒன்றின் பெயர் போட்ட சான்றிதழ் எல்லாம் தருவதாக என் மகனிடம் சொல்லியிருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள் ஐயா. நேர்மையான ஆய்வு இன்டர்ன்ஷிப்பில் பணம் உங்கள் பக்கம் வரும், குறைந்தபட்சம் போகாது. சில இடங்களில் சின்ன விண்ணப்பக் கட்டணம் இருக்கலாம், விடுதி, சாப்பாட்டுக்குக் கேட்கலாம், அது வேறு. ‘பேப்பர் நிச்சயம்’ என்று முன்கூட்டியே சொல்பவர் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை, அச்சுக்கூலி பேசுகிறார். முடிவு என்ன வரும் என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படி உத்தரவாதம் கொடுக்க முடியும்?

விளம்பரத்தில் ‘யுஜிசி கேர் அங்கீகாரம்’ என்று போட்டிருந்தால் இன்னும் உஷாராகுங்கள், கேர் என்பது யுஜிசி ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் பட்டியல், அந்தப் பட்டியலையே யுஜிசி 2025-ல் கைவிட்டுவிட்டது. கணினி அறிவியலில் மதிப்பு பெரும்பாலும் மாநாட்டுப் பேப்பர்களுக்குத்தான், அங்கே ஒரு பேப்பரை மூன்று பேர் படித்துக் கருத்துச் சொல்லவே சில மாதம் ஆகும். மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் ஜர்னலில் மகன் பெயர் வந்தால் நாளை பிஎச்டி நேர்காணலில் அதைப் பற்றிக் கேள்வி வரும், அவன் தலையைக் குனிய வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் ஒரு செகண்ட்-ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

சேலம்: நேராகவே கேட்கிறேன். இரண்டு மாதத்தில் ஒரு பி.இ. மாணவன் என்னத்தைக் கண்டுபிடித்துவிட முடியும்? எல்லாம் ரெஸ்யூமேவுக்குத்தானே?

பெரும்பாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, சரிதான். ஆனாலும் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை, அதிர்ஷ்டத்தையோ நிரூபிக்கப்படாத ஊகத்தையோ நம்பாமல், விரைவாகச் சொல்லிவிட முடியுமா என்பது கணினி அறிவியலில் பல பத்தாண்டுகளாக நின்றுபோயிருந்த கேள்வி. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து ‘முடியும்’ என்று பதில் வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவரோடு நீரஜ் கயல், நிதின் சக்சேனா. பின்னவர்கள் இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள், கடைசி வருட புராஜெக்டே இதுதான், கோடையில் ஊருக்குப் போகாமல் அதையே பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முதலில் சுற்றுக்கு விட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். 2004-ல் ‘ஆனல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்’ இதழில் வந்தது, 2006-ல் கணினிக் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு.

இதை எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்ல வந்தது இதற்கு முந்தைய பகுதி. அகர்வாலும் அவருடைய சக பேராசிரியர் சோமநாத் பிஸ்வாஸும் 1999-லேயே இதற்கு ஒரு வழியைத் தொட்டிருந்தார்கள், அதில் ராண்டம் எண், அதாவது கொஞ்சம் அதிர்ஷ்டம் தேவைப்பட்டது. 2001-ல் வேறு இரண்டு பி.டெக். மாணவர்கள், ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே, அதை எடுத்து ஒரு வருடம் மல்லுக்கட்டினார்கள். அவர்களால் முடிக்க முடியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவர்கள் அறிக்கையில் இருந்தது, அடுத்த வருடம் வந்தவர்கள் அங்கிருந்து ஆரம்பித்தார்கள். 2002 கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அந்த பி.டெக். அறிக்கை இருக்கிறது. அந்த முதல் இருவர் செய்ததுதான் சாதாரண மாணவர் ஒருவர் ஒரு கோடையில் செய்யக்கூடியது என்று நினைக்கிறேன், முடிக்காமல் விடுவது, ஆனால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவைத்துவிட்டுப் போவது. இது ரெஸ்யூமேவில் ஒரு வரிதான். அதற்காக அது பொய்யாகிவிடாது.

கோயம்புத்தூர்: வெளிநாட்டில் கோடை ஆய்வு செய்ய ஆசை. எங்கே விண்ணப்பிக்கலாம்? அமெரிக்காவின் ஆர்இயு பற்றி நிறைய வீடியோ பார்த்தேன்.

ஆர்இயுவை மறந்துவிடுங்கள். இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டம் அது, அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணத்தில் 1987 முதல் நடப்பது, அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் உரியது. வீடியோ போடுபவர்கள் இதைக் கடைசி நிமிடத்தில் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள்.

ஜெர்மனிக்கு அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் ‘வைஸ்’ உதவித்தொகை, இது இந்திய மாணவர்களுக்கென்றே இருப்பது. முதலில் ஒரு ஜெர்மன் பேராசிரியரிடம் அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும், நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் மூடும், ஆகவே ஆகஸ்டிலேயே மெயில் போட ஆரம்பிக்க வேண்டும். எந்தக் கல்லூரி மாணவர்கள் தகுதி என்பதற்கு நிபந்தனை இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் உழையுங்கள். இதே டாட் நடத்தும் ‘ரைஸ்’ வேறு, அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து மாணவர்களுக்கு, பெயர் குழம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் பன்னிரண்டு வாரம், அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் இபிஎஃப்எல் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை கோடை இன்டர்ன்ஷிப், ஆஸ்திரியாவின் ஐஎஸ்டிஏ என்ற ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒகினாவாவில் ஓயிஸ்ட் என்ற ஆய்வுப் பல்கலைக்கழகம், இவை எந்த நாட்டுக்காரரும் போடக்கூடியவை. ஜெனீவாவில் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னும் கோடை மாணவர்களை எடுக்கிறது, இயற்பியல் படித்தவர்தான் வர வேண்டும் என்றில்லை, அங்கே குவியும் தரவைச் சமாளிக்கக் கணினிக்காரர்கள் எக்கச்சக்கமாகத் தேவை. மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடித்திருக்க வேண்டும்.

போட்டி கடுமை, சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள், தேர்வாகி விசா அப்பாயின்ட்மெண்ட்டுக்கு அல்லாடுவதைப் பார்க்கச் சகிக்காது.

யாழ்ப்பாணம்: நான் இங்கே கம்பஸில் கணினி அறிவியல் மூன்றாம் வருடம் கற்கிறேன். நீங்கள் எப்போதும் இந்திய மாணவர்களுக்கே எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஏதும் இருக்கிறதா?

நியாயமான குறை. இந்திய அகாடமிகளின் திட்டமும் ‘வைஸ்’ உதவித்தொகையும் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் மேலே சொன்ன ஓயிஸ்ட், ஐஎஸ்டிஏ, இபிஎஃப்எல், செர்ன் நான்குக்கும் நீங்கள் போடலாம். ஓயிஸ்ட் கோடையில் மட்டும் என்று வைக்காததால் உங்களுக்கு அதுவே வசதி, பயணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆய்வு என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாவிட்டாலும் ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தை விடாதீர்கள், ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி பொதுவில் வைத்திருக்கும் மென்பொருளில் வேலை செய்வது அது. 2005-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? உங்கள் மொறட்டுவைதான். சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்து வந்த ஒரு பழக்கம் அது, யாழ்ப்பாணத்திலும் நாலு பேர் சேர்ந்தால் தொடங்கலாம். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற விதிகூடக் கிடையாது, 18 வயதாகி ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவராக இருந்தால் போதும். 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவில் புராஜெக்ட் உண்டு, காலத்தையும் இருபத்திரண்டு வாரம் வரை நீட்டிக்கொள்ளலாம். உங்கள் கல்வியாண்டு எந்த மாதம் தொடங்கி எப்போது முடியும் என்று சொல்ல முடியாத நிலையில் இது பெரிய உதவி. பிப்ரவரியில் இதில் பங்கேற்கும் நிறுவனங்களின் பட்டியல் வரும், ஆனால் அதற்கு முன்பே ஒரு புராஜெக்டைப் பிடித்துச் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்பியவர்களைத்தான் எடுப்பார்கள்.

மன்னார்குடி: என் மகளுக்குச் சென்னையில் இரண்டு மாத ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்ப யோசனையாக இருக்கிறது. தாம்பரத்தில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கிருந்து போய் வரலாமா?

அனுப்புங்கள் அம்மா, ஆனால் விடுதியிலேயே தங்கட்டும். தாம்பரத்திலிருந்து ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ் என்று அக்னி நட்சத்திர வெயிலில் போய் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் விழுந்து தூங்கத்தான் தெம்பு இருக்கும். அதைவிட முக்கியம், இந்த இடங்களில் பாதி விஷயம் மாலை ஐந்துக்கு மேல்தான் நடக்கிறது. டீக்கடையில், மெஸ்ஸில், வராந்தாவில் நின்று பேசும்போதுதான் சீனியர்கள் வாயைத் திறப்பார்கள். சித்தப்பா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகட்டும்.

அழைப்புக் கடிதத்தில் விடுதி பற்றி இல்லையென்றால் மெயில் அனுப்பி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி கடிதமும் விடுமுறை விடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், மே மாதம் ஆபீசில் ஆள் இருக்காது. ஸ்டைபெண்ட் பல இடங்களில் கடைசியில்தான் கைக்கு வரும், ஆகவே விடுதி, மெஸ் செலவுக்கு முதலில் நீங்கள்தான் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். ஐஐடி என்றால் வளாகத்துக்குள் மான் திரியும், குரங்கு ஜன்னல் வழியாக வந்து பிஸ்கட்டைத் தூக்கும், வேறு பெரிய ஆபத்து எனக்குத் தெரிந்து இல்லை.

மதுரை: போன கோடையில் சேர்ந்தவர்கள் யாரும் அங்கே என்ன செய்தார்கள் என்று தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இந்த முறை இடம் கிடைத்துவிட்டது. முதல் வாரம் என்ன நடக்கும்?

முதல் வாரம் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பேராசிரியர் அரைமணி நேரம் பேசுவார், நாலு பேப்பர் கொடுப்பார், ஒரு பிஎச்டி மாணவரைக் காட்டிவிட்டு மாநாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். நீங்கள் சர்வர் லாகின் வருவதற்காகக் காத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்து வைத்திருப்பீர்கள். பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரை கதை மாதிரி படிக்க வேண்டாம். சுருக்கம், படங்கள், முடிவுரை பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று பிடியுங்கள், அப்புறம் நடுப்பகுதி, நிரூபணமும் நுணுக்கமும் மூன்றாவது சுற்றில்.

அடுத்தது, வெளியான ஒரு முடிவைத் திரும்ப வரவைக்கச் சொல்வார்கள், பேஸ்லைன் ஓட்டு என்பார்கள். இதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். பேப்பரில் இருக்கும் எண் உங்களுக்கு வராது. ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழ்ச் சொற்களை வகைப்படுத்தும் வேலை என்று வையுங்கள். ‘கொடி’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஒற்றைக்கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. மெஷினுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தரவைப் பலர் பல விசைப்பலகையில் தட்டியிருந்தால் இப்படி நூற்றுக்கணக்கில் கலந்து கிடக்கும், முதலில் அத்தனையையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும், பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நீங்கள் மூன்று நாள் மாடலைத் திட்டிக்கொண்டு, லேர்னிங் ரேட்டை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சொல்லின் நீளத்தை அச்சிட்டுப் பார்க்கும்போது நாலு வர வேண்டிய இடத்தில் ஐந்து வரும். அந்த நிமிடம் கிடைப்பதற்காகத்தான் இரண்டு மாதமும்.

எதை ஓட்டினீர்கள், எந்தத் தேதியில், எந்த ராண்டம் சீடில், என்ன வந்தது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் போய்க் கேளுங்கள், ‘வேலை செய்யவில்லை’ என்று கேட்காமல், ‘இதை இதைச் செய்தேன், இது வந்தது, இது வரும் என்று நினைத்தேன்’ என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை அரைப் பக்கம் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிடுங்கள், கேட்காவிட்டாலும். விமானத்தில் இருந்தாலும் படிப்பார்.

கரூர்: கம்பெனி இன்டர்ன்ஷிப்பா, ஆய்வா? பிளேஸ்மெண்டுக்கு எது நல்லது?

வேலைதான் குறி என்றால் கம்பெனி. மேற்படிப்பு, பிஎச்டி என்று மனத்தில் ஒரு மூலையில் இருந்தால்கூட ஆய்வு. இரண்டாமாண்டில் ஒன்று, மூன்றாமாண்டில் ஒன்று என்று இரண்டையும் பார்த்தவர்கள்தான் நிம்மதியாக முடிவெடுக்கிறார்கள்.

நாகர்கோவில்: விண்ணப்பித்த எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு பழைய லேப்டாப், சுமாரான நெட். இந்தக் கோடையை என்ன செய்ய?

மே, ஜூன் இரண்டும் உங்கள் கையில் இருக்கிறது, அதுவே பெரிய சொத்து. மனிதர் பேசும் மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் இயற்கை மொழி ஆய்வில் ‘ஷேர்ட் டாஸ்க்’ என்று ஒன்று உண்டு. ஒரு குழு தரவைக் கொடுத்து ஒரு கேள்வியை வைக்கும், யார் வேண்டுமானாலும் தீர்வு அனுப்பலாம், அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் பயிலரங்கில் வெளியாகவும் வாய்ப்புண்டு. திராவிட மொழிகளுக்கென்றே ‘திராவிடியன்லாங்டெக்’ என்ற பயிலரங்கு 2021 முதல் இதை நடத்துகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து எழுதும் யூடியூப் கமெண்டில் வசவு எது, கிண்டல் எது என்று பிரிக்கச் சொல்வது மாதிரியான வேலைகள். ‘செம மொக்க படம் ப்ரோ’ என்பது வசவா விமர்சனமா என்று லண்டனில் இருப்பவரைவிட நாகர்கோவிலில் இருக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். லேப்டாப் பழையதாக இருந்தால் பரவாயில்லை, இணையத்திலேயே நிரலை ஓட்டத் தரும் கூகுள் கொலாப், காகில் இரண்டிலும் மாடலை வேகமாக ஓட்ட உதவும் ஜிபியு ஓரளவு இலவசம். ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான மாடல்களையும் தரவையும் பொதுவில் வைத்திருக்கிறது, அதை எடுத்துத் தொடங்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் கல்லூரி திறந்ததும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டம் எப்போது அறிவிக்கிறார்கள் என்று பாருங்கள், இறுதியாண்டு புராஜெக்டுக்குச் சிறு தொகை கிடைக்கும். அதற்கு உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கோடையில் செய்ததை நாலு பக்கமாக எழுதி, மாடல் எங்கெங்கே சொதப்பியது என்ற பட்டியலையும் சேர்த்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அக்டோபரில் ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டு நிற்கும்போது அதில் எழுத அவருக்கும் ஏதாவது வேண்டுமே.